ஆற்றங்கரைக்கு எடுத்த முளைப்பாரி

அந்த நீலப் பெட்டியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டு போகிற பெட்டி. என் அண்ணன் மகன் திருப்பூரிலிருந்து வாங்கி வந்து அவன் அம்மாவிடம், அதாவது என் மதினியிடம் கொடுத்தது. "மழையில போட்டாலும் உள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகாதும்மா" என்று தட்டித் தட்டிக் காட்டினானாம். பெட்டியின் பெருமையெல்லாம் முடிந்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். அடுத்த மழையில் கிணறு ஆற்றோடு போய்விட்டால், அம்மா இந்தப் பெட்டியில் துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டு திருப்பூருக்கு வந்துவிட வேண்டும். வயலை வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம்.

மதினி சரி என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் அதில்தான். அண்ணன் போன பிறகு, என்னோடு சமமாகச் சண்டை போட இந்த மாவட்டத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவர்தான். நான் வைக்கும் குழம்பில் உப்பு இல்லை என்பார். நான் அவருக்கு நாக்கு இல்லை என்பேன். திருக்கோகர்ணத்தில் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டியை எடுத்தால் அரை மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன், சண்டை சூடு ஆறாமல் இருக்கும். திருப்பூருக்கு ஸ்கூட்டியில் போக முடியுமா?

கிணறு எப்படி ஆற்றோடு போகும் என்று கேட்பீர்கள். வெள்ளாறு எங்கள் ஊரை ஒட்டி வளைகிற இடத்தில் மதினியின் வயல். வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே கரை. கரைக்கு உட்பக்கம் கிணறு. சில வருடங்களுக்கு முன்வரை அந்தக் கரையில் மருதும் புங்கனும் நாணலும் அடைசலாக நின்றன. அதை யாரும் அழகு என்று சொன்னதில்லை. எங்களுக்கு அது வெறும் புதர், உள்ளே போனால் பாம்பு இருக்கும் என்று அந்தப் பக்கமே போகமாட்டோம்.

பிறகு எம்-சாண்ட் கம்பெனி ஒன்று வந்தது. கல்லை உடைத்து மணலாக்கி, மணலைக் கழுவி, கழுவின கலங்கலைக் குழாய் வைத்துக் கரைமேல் விட்டார்கள். லாரி இறங்குவதற்காக மரங்களை வேரோடு எடுத்தார்கள். கம்பெனி ஏதோ வழக்கில் மாட்டி மூடிக்கொண்டு போனபோது எங்களுக்கு மிஞ்சியது சாம்பல் நிறத்தில் ஒரு தளம். கலங்கல் காய்ந்து, இறுகி, சிமென்ட் போட்ட களம்போல் ஆகியிருந்தது. பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள், பந்து நன்றாக எழும்பியது. நான் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். அந்த முறையில் நானே ஒருநாள் அந்தப் பிட்ச்சைப் பாராட்டியிருக்கிறேன்.

வேர் இல்லாத கரையைப் போன ஐப்பசி வெள்ளம் பதம் பார்த்தது. தளத்துக்கு அடியில் இருந்த மண்ணை அரித்துக்கொண்டு போக, மேலே இருந்த பொருக்கு அப்பளம்போல் உடைந்து உடைந்து விழுந்தது. வயலோரத்துத் தென்னைகள் ஆற்றோடு போயின. தண்ணீர் வடிந்தபோது கிணற்று மேடைக்கும் ஆற்றுக்கும் இடையில் ஒரு டிராக்டர் போகிற அகலம்தான் மிச்சம். அதிகாரிகள் தடுப்புச் சுவர் வரும் என்றார்கள். எப்போது என்று கேட்டோம். வரும் என்றார்கள்.

நான் சும்மா இருப்பேனா? எங்கள் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுக்கிற சார் ஒருவர் இருக்கிறார். ஆவூர்க்காரர். வாயைத் திறந்தால் வேரும் தண்டும்தான் வரும். கல்யாண வீட்டுப் பந்தியில் இலையைப் போட்டால் அதன் நரம்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், சோறு ஆறிப்போகும். அவரை ஒரு சனிக்கிழமை என் ஸ்கூட்டிக்குப் பின்னாலேயே பைக்கில் வரச்சொல்லிக் கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவர் மண்டிபோட்டு உட்கார்ந்து பொருக்கை விரலால் சுண்டிப் பார்த்தார். டங் என்று சத்தம் வந்தது. அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. எனக்குக் கோபமாக வந்தது, மதினிக்குச் சிரிப்பாக வந்தது.

"டீச்சர், மரமெல்லாம் அப்பறம். மொதல்ல இந்தப் பொருக்குக்குள்ள வேர் எறங்கணும். தக்கைப்பூண்டு, சணப்பு, கொள்ளு, மூணும் எந்த மோசமான மண்ணுலயும் வரும். அதுக வேர் உள்ள போயிட்டா மண்ணு பொலபொலன்னு ஆயிரும். பொறவு நொச்சிக் குச்சி ஊனலாம், நாணல் வைக்கலாம். ஐப்பசி மழைக்குள்ள மண்ணுக்கு ஒரு பிடி கெடச்சிருச்சுன்னா கெணறு தப்பிச்சிரும்" என்றார்.

"கெடைக்கலைன்னா சார்?" என்றார் மதினி.

சார் மறுபடி பொருக்கைச் சுண்டிப் பார்த்தார். பெட்டி வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

முதலில் விதையை அப்படியே வீசிப் பார்த்தோம். மயில்கள் வந்தன. குடும்பம் குடும்பமாக வந்தன. தார்ரோட்டில் கொட்டின தானியம்போல் பொருக்கின்மேல் கிடந்த விதையைப் பொறுக்கித் தின்றன. மயிலைக் கல்லால் அடிக்கக் கூடாது, கேஸாகிவிடும். அதனால் பள்ளிக்கூட விசிலை எடுத்துப் போய் ஊதினேன். முதல் நாள் பறந்தன. அடுத்த நாள் நிமிர்ந்து பார்த்தன. அதற்கடுத்த நாள் விசில் சத்தம் கேட்டதும் அக்கரையிலிருந்தும் வந்தன. சாப்பாட்டு மணி என்று நினைத்திருக்க வேண்டும். மதினி வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏத்தா, ஒன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள விட மயிலு நல்லா அடிபணியுது!"

சார் அடுத்த யோசனை சொன்னார். வேறு இடத்தில் நாற்றாக வளர்த்து, வேர்மண்ணோடு கொண்டுவந்து, கடப்பாரையால் குழி போட்டு நடலாம். அப்போது ஆடி பிறந்திருந்தது. மதினி வீட்டு முற்றத்தில் தெருப் பெண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நாற்று, தொட்டி, எரு என்று சார் ஆரம்பித்ததுமே அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுக்கு ஏன் சார் இம்புட்டு வெளக்கம்? மொளப்பாரிதேன!" என்றாள் ஒருத்தி.

எங்கள் பக்கத்தில் அம்மன் திருவிழாவுக்கு வருடந்தோறும் முளைப்பாரி போடுவோம். மண் சட்டியிலோ ஓட்டை போட்ட பாத்திரத்திலோ வைக்கோல் பரப்பி, கரம்பை மண்ணும் காய்ந்த எருவும் போட்டு, ஊறவைத்த பயறுகளைத் தூவி, ஒரு வீட்டு அறையில் வைத்து வளர்ப்போம். காப்புக் கட்டின பெண்கள் கவுச்சி சாப்பிடாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பார்கள். சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் கும்மி. பிறகு தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போய்த் தண்ணீரில் கரைப்போம். யார் முளைப்பாரி உயரம் என்பதில் உள்ள போட்டி இருக்கிறதே, மாவட்ட அளவிலான தடகளப் போட்டியில்கூட அப்படி ஒரு பொறாமையை நான் பார்த்ததில்லை. ஜெயித்தவர் அதை ஆறு மாதத்துக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருப்பார்.

அந்த வருடம் ஆற்றுக்கு ஒரு முளைப்பாரி என்று முடிவானது. பயறுக்குப் பதிலாகச் சார் வாங்கிவந்த தக்கைப்பூண்டும் சணப்பும் கொள்ளும். மதினி வீட்டில் நெல் போடுகிற அறைதான் முளைப்பாரி அறை. ஊருக்கே கொண்டாட்டமாகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்து அளவுநாடாவைக் கொண்டுவந்தேன். உயரம் எதில் என்றாலும் எனக்கு உடனே கை பரபரக்கும்.

ஒரு சங்கதி. முளைப்பாரி வளர்கிற அறையில் வெயில் படவே கூடாது. ஜன்னலைச் சாக்குப் போட்டு மூடிவிடுவோம். இருட்டில் வளர்ந்தால்தான் தளிர் நெடுநெடு என்று, ஒரே சீராக, இளமஞ்சளாக வரும். இன்னொன்று, அந்த அறையை ஆண்கள் எட்டிப் பார்க்கக் கூடாது.

சார் வந்தார். வாசலோடு நிறுத்திவிட்டோம். காபி கொடுத்தோம்.

"வெயில் காட்டுறீங்களாம்மா?" என்றார் சார், எட்டிப் பார்க்காமல் இருப்பதற்காகத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஆத்தாடி! மொளப்பாரிக்கு வெயிலா? என்ன சார் பேசுறீங்க!" என்று மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கொஞ்சமாவது வெளிச்சம் வேணும்மா. பச்சை பிடிக்காட்டிப் பயிருக்குத் தெம்பு இருக்காது."

"தெம்பா? ஒரு முழத்துக்கு நிக்கிது சார்!"

சாருக்குக் காபி புரையேறியது. இத்தனை நாளில் ஒரு முழமா என்று அவர் கண்ணில் தெரிந்தது சந்தோஷம் இல்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், நான் மாதா கோயிலுக்குப் போறவன். உங்க சாமி காரியத்துல நான் வந்து கதவத் தெறங்கன்னா தப்பாப் போயிரும். நீங்களாவது சொல்லுங்க" என்று கெஞ்சினார்.

"சார், நீங்க புத்தகத்துல படிச்சீங்க. நாங்க வருசா வருசம் வளக்குறோம்" என்று சொல்லிவிட்டு நான் கும்மிக்குப் போய்விட்டேன். இப்போதும் சொல்கிறேன், அந்த முளைப்பாரிபோல் அழகாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை. கதவைத் திறந்து அகல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், பிறந்த குழந்தையின் தலைமுடிபோல் மெத்து மெத்தென்று அத்தனையும் ஒரே உயரத்தில் நின்றன. அளந்ததில் மதினியுடையதுதான் முதலிடம். அவர் அதற்கு எனக்கு எதிரில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இறக்குகிற நாள் வந்தது. ட்ரம் செட் வைத்தோம். எல்லோரும் ஒரே மாதிரிப் பட்டுச் சேலை, தலையில் முளைப்பாரி, நான் முன்னால் விசிலோடு. கரையில் சார் ஏற்கெனவே வரிசையாகக் குழி போட்டு வைத்துக் காத்திருந்தார். முளைப்பாரிகளை இறக்கி வைத்ததும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அந்தப் பொருக்கின்மேலேயே மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா இருக்குல்ல சார்?" என்றார் மதினி.

"அழகா இருக்கும்மா" என்றார் அந்த நல்ல மனிதர்.

நட்டோம். குலவை போட்டோம். போட்டோ எடுத்தோம். இருட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளை ஆடி வெயிலில், சாம்பல் தளத்தின்மேல் நிறுத்தினால் என்ன ஆகும்? ஒன்று தலை சாய்ந்தது. பக்கத்தில் இருந்ததும் சாய்ந்தது. பிறகு வரிசை வரிசையாக, பிரேயரில் மயக்கம் போட்டு விழுகிற பிள்ளைகள்போல் விழ ஆரம்பித்தன. உச்சி வெயிலுக்கு அத்தனையும் வெந்த சேமியாவாகக் கிடந்தது. ட்ரம் செட்டுக்காரர்கள் மட்டும் இதைக் கவனிக்காமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். சிரிக்கக் கூடாது என்று ஒருவரையொருவர் அதட்டி, அதற்கும் சிரித்தோம். முதலிடம் வாங்கின முளைப்பாரிதான் முதலில் விழுந்தது என்று நான் மதினியைக் குத்திக் காட்டினேன். திரும்பிப் பார்த்தால் மதினி அங்கே இல்லை.

கிணற்று மேடையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரித்தா. நான் துணிய எடுத்து வச்சிர்றேன்" என்றார்.

சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை அது. சாதாரணமாக, நாளைக்கு என்ன குழம்பு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். இந்தக் கிணற்றை என் அண்ணனும் மதினியும் சேர்ந்து வெட்டினார்கள். வயிற்றில் பிள்ளையோடு மதினி மண் சுமந்திருக்கிறார். அந்தப் பிள்ளைதான் இப்போது பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறான். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் எப்போதும் கோபம் வந்துவிடும், அன்றைக்கும் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரையில் வேறு ஒரு பிரச்சினை. முளைப்பாரிச் சட்டியில் இருக்கிற மண், எரு, வைக்கோல் எதையும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. தண்ணீரில் கரைத்துவிட்டுச் சட்டியை மட்டும் கழுவி எடுத்துப்போக வேண்டும். ஆற்றில் ஆடி மாதம் எங்கே தண்ணீர்? கண்மாயும் வறண்டு கிடந்தது. கரைக்காமல் விட்டால் குற்றம் என்று ஒருத்தி, இப்படியே கொட்டினாலும் குற்றம் என்று இன்னொருத்தி. சத்தம் ஏறிக்கொண்டே போனது. நான் விசிலை எடுத்து ஊதினேன். மயில்கள் எட்டிப் பார்த்தன.

"ஆத்துல தண்ணி இல்லைன்னா ஆத்துக்குத் தண்ணியக் கொண்டு வருவோம்! மதினி, மோட்டாரப் போடுங்க!"

"கரண்டு செலவு..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அதுவும் சரிதேன். போற கெணறு. ஆத்துக்கே ஊத்திட்டுப் போகட்டும்" என்று எழுந்து போய் சுவிட்சைப் போட்டார். அதிசயமாக மும்முனை கரண்ட் இருந்தது. ஹோஸ் உதறிக்கொண்டு எழுந்தது.

கிணற்றுத் தண்ணீர் பொருக்கின்மேல் பாய்ந்தது. சட்டிகளை எல்லாம் நடுவில் கவிழ்த்தோம். எரு, வைக்கோல், கரம்பை, பரிதாபமான அந்த மஞ்சள் தளிர்கள், முளைக்காமல் கிடந்த விதைகள், எல்லாம் ஒன்றாகக் குழம்பின. கரைப்பதற்கு முன்னால் கடைசிக் கும்மி அடிப்பது வழக்கம். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுற்றி நின்றோம். மதினியின் கையைப் பிடித்து நான்தான் இழுத்துவந்தேன். முதல் சுற்று மரியாதையாகத்தான் நடந்தது. இரண்டாவது சுற்றில் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். அவளைத் தூக்கப் போனவள் அவள்மேல் விழுந்தாள். அதற்குப் பிறகு அங்கே மரியாதை என்று ஒன்றும் இருக்கவில்லை.

அப்படி ஒரு கும்மியை நான் ஆயுளில் அடித்ததில்லை. வெயில், தண்ணீர், சாணி வாசம், ட்ரம் செட். காலை ஓங்கி மிதித்தால் சேறு முழங்கால்வரை தெறித்தது. இத்தனை வருடமாகப் பிள்ளைகளை மைதானத்தில் ஓட வைத்த நான் அன்றைக்குத்தான் விளையாடினேன். தலை சுற்றியது, நிறுத்தத் தோன்றவில்லை. மதினி முதலில் உம்மென்று சுற்றினார். பிறகு என் காலைத் தட்டிவிட்டார். நான் விழுந்ததும் அவர் சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

ஓரமாகச் சார் நின்றுகொண்டிருந்தார். சேறு அவர் செருப்பு வரை வந்திருந்தது. அவர் காலை எடுத்தார், வைத்தார். கால் உள்ளே இறங்கியது. மறுபடி எடுத்தார், வைத்தார்.

"டீச்சர்! பொருக்கு! பொருக்கு ஒடஞ்சிருச்சு டீச்சர்!"

கடப்பாரையால் குழி போட்டால் குழி மட்டும்தான் கிடைத்தது. நாங்கள் நனைத்து, மிதித்து, மிதித்ததை மறுபடி மிதித்ததில், சாம்பலும் எருவும் வைக்கோலும் கலந்து உழவடித்த நாற்றங்கால்போல் ஆகியிருந்தது. சார் செருப்பை உதறிவிட்டு பைக்குக்கு ஓடினார். மிச்சம் இருந்த விதை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, நாங்கள் சுற்றச் சுற்ற எங்கள் காலுக்கு நடுவிலேயே வீசினார். "நிறுத்தாதீங்க! மிதிச்சுக்கிட்டே இருங்க! மேல வைக்கோல் போட்டா மயிலுக்குத் தெரியாது!" என்று கத்தினார். பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சுக்குக் கேட்காத குரல்.

முளைப்பாரிதான் இறங்கியாயிற்றே, இனி ஆண் வரலாம் என்று பெண்கள் தீர்ப்புச் சொன்னார்கள். சாரின் இரண்டு கையையும் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்கள். மதினி அந்த இடத்திலேயே ஒரு பாட்டுக் கட்டினார்:

"ஆவூரு சாரு வந்தாக – அம்மா
அவுக பேண்டெல்லாம் சேறாக
பாடம் நடத்த வந்தாக – அம்மா
பள்ளத்துல விழுந்தாக!"

பாட்டில் சொன்னபடியே சார் விழுந்தார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் கரையில் கும்மி என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் ஒரு வட்டம். ஒருவர் வீட்டிலிருந்து எரு, ஒருவர் வீட்டிலிருந்து வைக்கோல், தண்ணீர் மதினியின் கிணற்றிலிருந்து. முளைப்பாரிப் போட்டி போய், யார் வட்டம் முதலில் முளைக்கிறது என்று போட்டி வந்தது. அளவுநாடாவுக்கு மறுபடி வேலை. எல்லா வட்டமும் முளைத்தது என்று கதை விடமாட்டேன். இரண்டு வட்டம் மொட்டையாகவே கிடந்தன. ஒன்றை ஆடு மேய்ந்தது; அந்த ஆட்டுக்காரரோடு நான் போட்ட சண்டை தனிக் கதை. ஆனால் முதல் வட்டம், நாங்கள் பட்டுச் சேலையோடு மிதித்த அது, பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. இந்த முறை இருட்டறை மஞ்சள் இல்லை, வெயில் தின்ற கரும்பச்சை. புரட்டாசியில் சணப்பு மஞ்சளாகப் பூத்தது. சார் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். பொருக்கின் துண்டு ஒன்றைத் துளைத்துக்கொண்டு வேர் கீழே போயிருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றி ஆவூருக்கு எடுத்துப்போனார், வீட்டில் காட்டுவதற்காக. அவர் வீட்டுக்காரம்மாவை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நொச்சிக் குச்சிகளைக் கத்தையாகக் கட்டி ஸ்கூட்டியில் கொண்டுவந்தேன். நாணல் தூர்கள் லோடு ஆட்டோவில் வந்தன. எல்லாவற்றையும் கிணற்றுக்கு நேராக நெருக்கமாக நட்டோம். மதினி எங்களோடு எல்லா வேலையும் செய்தார். ஆனால் பெட்டி கட்டியபடியே இருந்தது. அறைக்குப் போகும்போதெல்லாம் நான் அதைக் காலால் ஒரு எத்து எத்திவிட்டு வருவேன். நல்ல பெட்டி, ஒரு கீறல் விழவில்லை.

ஐப்பசி மழை சும்மா வரவில்லை. விடாமல் பெய்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். மேற்கே எல்லாக் கண்மாயும் நிறைந்து மறுகால் போய், வெள்ளாறு இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது என்று டிவியில் சொன்னார்கள். மதினிக்கு போன் போட்டால் போகவில்லை. ஊரில் கரண்ட் இல்லை, சார்ஜ் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடிந்து மழை தூறலானதும் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் கடவுளைத் திட்டிக்கொண்டே போனேன், வேண்டிக்கொள்ள எனக்குப் பொறுமை போதவில்லை.

ஊர் எல்லையில் ஸ்கூட்டி சேற்றில் நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன். வயல் வரப்புகள் தண்ணீருக்குள் இருந்தன. தூரத்தில் தூறலுக்குள் ஒரு நீல நிறம் தெரிந்தது.

பெட்டி. மதினி அதைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்துகொண்டிருந்தார்.

கிணறு போய்விட்டது. இவர் கிளம்பிவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். இத்தனை மாதம் ஆடினது, சிரித்தது, சேற்றில் விழுந்தது எல்லாம் இதற்குத்தானா? பையில் விசில் இருந்தது. ஊதினேன். மூச்சு உள்ளவரை ஊதினேன்.

மதினி நின்று திரும்பினார்.

"எதுக்குத்தா மயிலக் கூப்புடுற?"

"எங்க போறீங்க நீங்க?" நான் அழுதுகொண்டே கத்தினேன். "பெட்டியத் தூக்கிட்டு எங்க போறீங்க? ஏன் மதினி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

"அங்கிட்டுத்தேன்" என்று தாடையால் கரையைக் காட்டினார்.

அப்போதுதான் பார்த்தேன். கிணறு இருந்தது. மேடை இருந்தது. கரையில் சணப்பும் தக்கைப்பூண்டும் வெள்ளம் போன திசையில் படுத்துக் கிடந்தன, பிடுங்கிக்கொண்டு போகவில்லை. நொச்சியில் குப்பை மாட்டித் தொங்கியது. ஆறு சிவப்பாக, முழுசாக, அந்தச் செடிகளை உரசிக்கொண்டு ஓடியது. கீழே ஓரத்தில், நாங்கள் மிதித்தும் முளைக்காத அந்த மொட்டை வட்டங்கள் இருந்த இடத்தில் மட்டும் ஆறு ஒரு வாய் கடித்திருந்தது.

"அந்த எடத்துல ஈரம் காயறதுக்குள்ள வெத போடணும்ல? தெருவுல அத்தன பேரும் வந்துக்கிட்டிருக்காளுக. ஆவூரு சாரு இனிமேதேன் வருவாரு. நீ இங்கன நின்னு அழுதுக்கிட்டிரு" என்று மதினி பெட்டியை இறக்கினார்.

ஜிப்பைத் திறந்தார். கழுத்துவரை காய்ந்த எரு. அதற்கு மேலே துணிப்பையில் கொள்ளும் சணப்பும். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"துணியெல்லாம்?" என்றேன்.

"கொடியில கெடக்கு. சாக்கு நனஞ்சு எரு பூராவும் கரைஞ்சு போகும்னு இருந்துச்சு. இதுலதேன் தண்ணி போகாதுன்னு மகன் சொன்னான்ல." ஜிப்பை இழுத்து மூடினார். "தூக்கி விடுத்தா. கனமா இருக்கு."

தூக்கி அவர் தலையில் வைத்தேன். முளைப்பாரியைப் பிடிக்கிற மாதிரியே ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வீசி, முதலிடம் வாங்கின அன்றைக்கு நடந்த அதே நடையில் கரைக்குப் போனார். நான் விசிலை ஊதிக்கொண்டே பின்னால் போனேன்.